கண் தொடர்பு: நன்று

வேல்ஸின் தென்கரையில் பாரி என்றொரு துறைமுகம்.
கொடிக்குத் தேரை விட்டுவந்தவன் பெயர்தான்,
அவனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
இங்கே ராட்டினங்கள், வறுத்த மீன், ஓயாத ஈரக்காற்று.
பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில்
நெரிஸ் பியூ, வயது ஐம்பத்தொன்று.

விழித்திரை ஓரங்களிலிருந்து கரைந்து கரைந்து
இப்போது மீதி
ஓர் உறிஞ்சுகுழலின் துளையளவு.
அதன் வழியே கோப்பையின் காது தெரியும்.
கோப்பை தெரியாது.

இருபது வருஷம் முன்பு வந்த கடிதம்
'காலவரையின்றி' என்றது.
கண் திரும்பி வராது,
ஆகவே உதவியும் திரும்பிப் போகாது என்று
அவள் எடுத்துக்கொண்டாள்.
பிறகு சீர்திருத்தம் வந்தது.
காலத்துக்கு ஒரு வரை கிழித்தார்கள்.

கார்டிஃபில், மூன்றாம் மாடியில், நேர்காணல்.
டாக்சிக்கு இருபத்தெட்டு பவுண்ட்.
முட்டை அவிப்பீர்களா என்று கேட்டாள் அதிகாரி.
தொட்டுப் பார்த்து அடுப்பைப் பற்றவைப்பேன்,
கேட்டுப் பார்த்தால் கொதி தெரியும்,
முகர்ந்து பார்த்தால் பால் திரிந்தது தெரியும்,
சுட்டுக்கொண்டால்
சட்டி எங்கே என்று தெரியும்.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.
நெரிஸ் இதை ஆங்கிலத்தில் சொன்னாள்.
அதில் இத்தனை 'பார்' கிடையாது.
என் மொழியில் எதை முயன்றாலும்
வால்போல் வந்து ஒட்டிக்கொள்கிற சொல் அது.
மன்னித்துக்கொள், நெரிஸ்.
உன்னிடம் இல்லாத பார்வையை
நானும் எழுதிவிட்டேன்.

பழுப்பு உறை நவம்பரில் வந்தது.
அவளுக்குக் கண் தெரிவது பற்றி
அவளால் படிக்க முடியாத ஒன்பது பக்கம்.
எழுத்தின் அளவு பன்னிரண்டு புள்ளி.
அவளுக்குக் கொடுத்தது ஆறு.
எட்டு வேண்டும்.

கீழ்த்தளத்து எமிர் வாசித்தான்,
பேக்கரியின் இரவு வேலை முடிந்து,
புருவத்தில் மாவோடு.
'துணையின்றி அறைக்குள் நடந்து வந்தார்.'
(அதிகாரியின் குதிகால் செருப்பு
டக் டக்கென்று முன்னே போனது,
அதன் பின்னாலேயே போனேன், என்றாள்.)
நான்காம் பக்கத்தில் ஒரு கணம் நின்று
ஐந்தாவதற்குத் தாவினான்.

ஒரு வரியை விட்டுவிட்டாய், எமிர்.
எப்படித் தெரியும்?
மூச்சை விட்டாயே.

விட்ட வரி இது:
'உரையாடல் முழுக்கக் கண் தொடர்பு: நன்று.'

குரல் வரும் திசைக்கு முகத்தைத் திருப்பு,
பேசுகிறவர்களுக்கு அது ஆறுதல் என்று
பள்ளியில் பழக்கியிருந்தார்கள்.
அந்த மரியாதைக்கு என்ன விலை என்று
யாரும் சொல்லித் தரவில்லை.

டிசம்பரில் டாக்சியை நிறுத்தினாள்.
புதன்கிழமை மதுக்கூட வினாவிடைக்கு
அவள் இல்லாமல் போன அணி
புவியியலில் பூஜ்யம் வாங்கியது;
தலைநகரங்கள் எல்லாம் அவள் தலையில்தான்.
அறைக்கு அறை எரிந்த பெரிய விளக்குகளை,
குழல்துளைக்குத் தீனி அந்த வெளிச்சம்தான்,
ஒவ்வொன்றாக அணைத்தாள்.
இருட்டில் இருந்து பார்க்கிறாள்.
(மறுபடியும் வந்துவிட்டது.
இந்த முறை அழிக்கப் போவதில்லை.)

முறையீட்டுக்கு ஒரு மாத அவகாசம்.
இருபத்தாறாம் நாள் எமிர் பேனாவோடு வந்தான்.
முழுக்க இன்னொரு தரம் வாசி,
அந்த வரியோடு சேர்த்து, என்றாள்.

வாசித்தான்.
அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்,
முகம் அவன் பக்கம்,
பார்வை அவன் இடது காதுக்குச் சற்று வெளியே
ஜன்னல் திரையில்.

பேனாவை மூடி வைத்து,
சத்தம் வராமல் நாற்காலியைத் தூக்கி
நான்கு விரற்கடை இடப்பக்கம் வைத்து
எமிர் உட்கார்ந்தான்,
அவள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில்.

ஏன் நிறுத்திவிட்டாய், என்றாள்.